பழைய தாளில் ஒரு ஜர்னல்: எதை எடுப்பது, எதை விடுவது?

ஏப்ரல் கடைசியில் பள்ளி நோட்டுகள் கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர் கடைக்குக் கிளம்பும். தை, மாசிக் கல்யாணங்களின் பத்திரிகைகள் அலமாரியின் மேல்தட்டில் சேர்ந்திருக்கும். போன வருஷத் தினசரி காலண்டரின் அட்டை, தாளெல்லாம் கிழித்து முடிந்த பிறகும், சாமி படத்துக்காகவே ஆணியில் தொங்கும். நாம் எழுதியும் ஒட்டியும் வைக்கும் ஒரு ஜர்னலுக்கு வேண்டிய முக்கால்வாசிப் பொருள் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது.

குழப்பம் வருவது எதை எதற்கு எடுப்பது என்பதில்தான். ‘ஜங்க் ஜர்னல்’ (பழைய தாள்களைச் சேர்த்துத் தைத்த நோட்டு) என்று தேடினால் வரும் வீடியோக்களில் காபி டிகாக்‌ஷனில் நனைத்த தாளும், லேஸும், நூறு வருஷப் பழைய ஆங்கிலப் புத்தகப் பக்கங்களும்தான் இருக்கும். நமக்குக் கிடைப்பவை வேறு. தங்க மை அச்சிட்ட கல்யாணப் பத்திரிகை மடிக்கும்போது வெடிக்கும். ரேஷன் கடை ரசீது சில மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். பாதி எழுதிய நோட்டில் வெற்றுப் பக்கம் இருக்கும், ஆனால் பிரித்தால் கைக்கு வராது. ஒவ்வொன்றின் குணத்தையும் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுத்தால், செய்த நோட்டு உடையாமல் நிற்கும். அதைவிட முக்கியமாக, அதில் எழுதுவீர்கள்.

பெரும்பாலோர் மேலட்டையிலிருந்து தொடங்குகிறார்கள். அழகான துணி, பொத்தான், கயிறு எல்லாம் வைத்து முடித்துவிட்டு, உள்ளே கைக்கு வந்த தாளைத் திணிக்கிறார்கள். நான் இதற்கு நேர் எதிர் வரிசையைத்தான் சொல்வேன். முதலில் எந்தப் பேனா, என்ன பழக்கம் என்று முடிவெடுங்கள். பிறகு தாள், அதன்பின் தையல், கடைசியில் அட்டை. தினமும் ஒரு பக்கம் எழுதுகிறவருக்கும், பயணச் சீட்டும் பூவும் ஒட்டி வைக்கிறவருக்கும், ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறவருக்கும் ஒரே நோட்டு பொருந்தாது. வாட்டர்கலர் தீட்டுவதுதான் முக்கிய நோக்கம் என்றால் பழைய தாள் எதுவும் சரிவராது. அதற்கு மட்டும் தடித்த டிராயிங் தாள் வாங்கி, அட்டையையும் கட்டையும் பழைய பொருளில் செய்துகொள்ளுங்கள்.

தினமும் எழுதுகிறவருக்கு: பாதி எழுதிய பள்ளி நோட்டு

என் கணிப்பில் முதல் இடம் இதற்குத்தான். பள்ளி நோட்டுத் தாள் பெரும்பாலும் 54 முதல் 60 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனம் இருக்கும். பால்பாயிண்ட், ஜெல் பேனா இரண்டுக்கும் தாராளமாகத் தாங்கும். மை பேனாவில் எழுதினால் பின்பக்கம் கொஞ்சம் தெரியும், ஆனால் செய்தித்தாளில் போல மை பரவாது. ஒரு பக்கம் அச்செடுத்த ஏ4 தாள்கள் 70 முதல் 80 ஜிஎஸ்எம். அவை இன்னும் கனம். ஆனால் அவை தனித்தனித் தாள்கள், அதனால் வரும் சிக்கலைத் தையல் பகுதியில் சொல்கிறேன்.

நடுவில் தைத்த அல்லது பின் அடித்த நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுப்பக்கத்தைத் திறந்து, பின்களை ஸ்பூன் காம்பால் நிமிர்த்தி எடுத்தால் தாள்கள் இரட்டையாகப் பிரியும். இங்கேதான் பலரும் ஏமாற்றம் அடைகிறார்கள். பின்பாதி முழுக்க வெற்றுப் பக்கம் என்று எண்ணிப் பிரித்தால், ஒவ்வொரு இரட்டைத் தாளிலும் ஒரு பாதி எழுதியிருக்கிறது, ஒரு பாதி காலியாக இருக்கிறது. நோட்டின் முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே காகிதத்தின் இரு பாதிகள் என்பதால் அப்படித்தான் வரும்.

இதைக் குறையாக எண்ணி நடுவில் வெட்டிவிடாதீர்கள். அந்த இரட்டைத் தாள்களை ஐந்தைந்தாகப் பிரித்து, ஒவ்வொரு ஐந்தையும் தனித்தனியாக ஒன்றுக்குள் ஒன்று மடித்து வையுங்கள். இப்போது ஒவ்வொரு கட்டிலும் முதல் ஐந்து இலைகள் எழுதியவை, அடுத்த ஐந்து இலைகள் காலி. எட்டுக் கட்டுகளைச் சேர்த்துத் தைத்தால், மகளின் மூன்றாம் வகுப்புக் கணக்கு ஐந்து தாள், உங்கள் எழுத்து ஐந்து தாள், மறுபடி அவளுடைய கணக்கு என்று மாறி மாறி வரும் ஒரு நோட்டு கிடைக்கும். ‘வெரி குட்’ என்று சிவப்பு மையில் டீச்சர் போட்ட கையெழுத்துக்கு அடுத்த பக்கத்தில் அன்றைய நாளைப் பற்றி எழுதும் சந்தோஷம் கடையில் வாங்கிய எந்த ஜர்னலிலும் கிடைக்காது. பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தப்பான கணக்கு இருக்கும் பக்கத்தை எல்லோரும் பார்ப்பது சில பிள்ளைகளுக்குப் பிடிக்காது.

எழுத்து இருப்பது தொந்தரவு என்றால், அந்தப் பக்கங்களின் மேல் மாதக் காலண்டரின் வெற்றுப் பின்பக்கத்தையோ பழைய வரைபடத்தையோ ஒட்டிவிடலாம். நான்கு கோடு நோட்டும் கட்டம் போட்ட நோட்டும் கலந்தால் நோட்டு அழகாகவும் இருக்கும், பயனும் கூடும். கட்டத் தாளில் செலவுக் கணக்கு, கோடில்லாத தாளில் கோலம், நான்கு கோடு தாளில் யாராவது சின்னப் பிள்ளை எழுத ஓர் இடம்.

ஒட்டிச் சேர்ப்பவருக்கு: கல்யாணப் பத்திரிகை

கல்யாணப் பத்திரிகையைக் குப்பையில் போட நம்மில் பலருக்கு மனம் வராது. மேலே பிள்ளையார் இருப்பார், மூலையில் மஞ்சள் தடவியிருக்கும், உள்ளே மனிதர்களின் பெயர்கள் இருக்கும். அதனால்தான் அவை வீடு தோறும் வருஷக்கணக்கில் சேர்கின்றன. ஒட்டி நிரப்பும் ஜர்னலுக்கு இவற்றைவிடப் பொருத்தமான தாள் இல்லை. பெரும்பாலானவை 250 ஜிஎஸ்எம்முக்கு மேல் கனமுள்ள அட்டை. டிக்கெட், துணித்துண்டு, காய்ந்த இலை எதை ஒட்டினாலும் தாள் சுருங்காது. உறைகளை அப்படியே சேர்த்துத் தைத்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு பை.

எழுதுவதற்கு இவை மோசம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வழவழப்பான பூச்சில் ஜெல் பேனா காயாமல் ஈஷும், பென்சில் பிடிக்கவே பிடிக்காது. பெர்மனென்ட் மார்க்கர் நிற்கும். அதனால் பத்திரிகை இரண்டுக்கு நோட்டுத் தாள் ஒன்று என்ற கணக்கில் கலந்து தையுங்கள். ஒட்டியது ஒரு பக்கம், அதைப் பற்றி எழுதியது எதிர்ப்பக்கம் என்று அமையும்.

மடிக்கும்போது அவசரப்பட்டால் மேல்பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு விழும். மை தீர்ந்த பால்பாயிண்ட் ரீஃபிலால், ஸ்கேல் வைத்து, மடிக்க வேண்டிய இடத்தில் இரண்டு முறை அழுத்திக் கோடு இழுங்கள். அந்தக் கோட்டிலேயே மெதுவாக மடித்து, ஸ்பூனின் பின்புறத்தால் தேய்த்தால் மடிப்பு சுத்தமாக வரும். தாளுக்கு இழையோட்டம் உண்டு. அந்தத் திசையில் மடித்தால் படியும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். அட்டையை இரு கைகளிலும் பிடித்து நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை லேசாக வளைத்துப் பாருங்கள். எப்படி வளைத்தால் எளிதாக வளைகிறதோ, அப்போது மடிப்பு விழும் திசைதான் இழையோட்டம். பத்திரிகையில் ஏற்கெனவே இருக்கும் மடிப்பையே நம் நோட்டின் மடிப்பாகவும் வைத்துக்கொண்டால் இந்த வேலையே மிச்சம்.

ஒட்டி நிரப்பும் ஜர்னலில் பெரும்பாலும் கெட்டுப்போவது நோட்டின் முதுகு. பக்கங்களில் பொருள் ஏற ஏற முன்பக்கம் விரிந்து வாய் பிளக்கும், முதுகு மட்டும் ஒல்லியாக இருப்பதால் தையல் தெறிக்கும். பழைய ஃபோட்டோ ஆல்பங்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு தாளுக்கும் இடையில் முதுகுப் பக்கமாக ஒரு குறுகிய பட்டை இருக்கும். ஒட்டப் போகும் ஃபோட்டோவின் கனத்துக்கு முன்கூட்டியே இடம் விட்டு வைக்கும் ஏற்பாடு அது. நாமும் அதையே செய்யலாம். நான்கு சென்டிமீட்டர் அகலத்தில் பட்டைகள் வெட்டி நடுவில் மடித்து, ஒவ்வொரு பத்திரிகைக்கும் இடையில் ஒன்று வைத்துத் தையுங்கள். ஆரம்பத்தில் முதுகு பருமனாகவும் முன்பக்கம் ஒல்லியாகவும் விசித்திரமாகத் தெரியும். ஒட்ட ஒட்டச் சமமாகிவிடும்.

எதை ஒட்டுவது என்பதில் ஒரே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: கடை பில், ஏடிஎம் ரசீது, இப்போது பஸ்ஸில் மெஷினிலிருந்து வரும் வழவழப்பான டிக்கெட் ஆகியவை தெர்மல் தாள். அதில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் வேதிப்பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. வெளிச்சத்திலும் வெப்பத்திலும் அது மங்கிப் போகும், சில பசைகளும் அதை அழிக்கும். பூச்சில் பிஸ்பினால் வகை வேதிப்பொருள் இருக்கக்கூடும் என்பதால் குழந்தைகள் கையில் கொடுத்து வெட்டச் சொல்லவும் வேண்டாம். வேண்டிய டிக்கெட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள்.

பழைய வண்ணக் காகித பஸ் டிக்கெட்டுகள் யாரிடமாவது மிச்சமிருந்தால் அவற்றைத் தயங்காமல் ஒட்டலாம். ஜெர்மனியின் ஹனோவர் நகரில் கர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஓவியர் 1919 முதல் தெருவில் கிடந்த டிராம் சீட்டு, மிட்டாய்த் தாள், பொட்டல லேபிள் எல்லாம் ஒட்டிப் படங்கள் செய்தார். நூறு வருஷம் தாண்டியும் அருங்காட்சியகங்களில் அந்தச் சீட்டுகளில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிகிறது. அச்சு மையில் அடித்தவை என்பதால்தான் அது முடிந்தது.

ஒரு வரிக்காரருக்கு: தினசரி காலண்டர் தாள்

தினம் ஒரு பக்கம் எழுத நேரமில்லை, ஆனால் நாள்கள் நினைவில்லாமல் போவது வருத்தமாக இருக்கிறது என்பவர்களுக்கு இதைச் சொல்வேன். தினசரி காலண்டர் தாளில் ஆங்கிலத் தேதி, தமிழ் மாதம், கிழமை, நல்ல நேரம், ராகு காலம், சந்திராஷ்டமம் எல்லாம் அச்சாகியே வருகிறது. பல காலண்டர்களில் பின்பக்கம் காலி. தேதி போடும் வேலைகூட இல்லை. ராத்திரி கிழிக்கும்போது பின்னால் ஒரு வரி எழுதினால் அன்றைய கணக்கு முடிந்தது. காலண்டர் வாங்கும்போதே பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் சமையல் குறிப்போ கைவைத்தியமோ அச்சிட்டிருப்பார்கள். இதற்கு அவை ஆகாது.

இந்தத் தாள் மெல்லியது, சின்னது, ஒற்றையானது. மடித்துத் தைக்க வழியில்லை. இதற்கான கட்டு நம்மிடம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. ஓலைச்சுவடியில் ஏடுகளில் துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவார்கள். தாளின் இடப்பக்கம் ஒரு துளை, மேலும் கீழும் அதே அளவில் காலண்டர் அட்டைத் துண்டு, நடுவே ஒரு கயிறு. தினமும் ஒரு தாள் சேர்ந்துகொண்டே போகும், கயிற்றை நீளமாக விட்டு வைத்தால் போதும். முன்பெல்லாம் வீடுகளில் வந்த கடிதங்களை ஒரு வளைந்த கம்பியில் குத்தி மாட்டி வைப்பார்கள். அதேபோல நீங்களும் மாதம் முழுக்கக் கம்பியில் குத்தி வைத்து, மாதக் கடைசியில் கயிற்றுக்கு மாற்றலாம். கம்பியில் விழும் ஓட்டையே கயிற்றுக்கும் போதும்.

பிறகு எடுத்துப் படிக்க மிகச் சுகமான ஜர்னல் இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஆடி மாதம் ஒரு கட்டு, மார்கழி ஒரு கட்டு என்று பிரித்து வைக்கலாம். நீளமாக எழுத இடமில்லை என்பது உண்மையான குறை. ஒரு பெரிய நாள் வந்தால் வெள்ளைத் தாள் ஒன்றை அதே அளவுக்கு மடித்துக் கூடவே கோத்துக்கொள்ள வேண்டியதுதான்.

செய்தித்தாளும் வீட்டில் செய்த காகிதமும்

இரண்டையும் உட்பக்கத் தாளாக நான் பரிந்துரைக்க மாட்டேன். செய்தித்தாளில் மரத்தின் லிக்னின் என்ற வேதிப்பொருள் அப்படியே இருப்பதால் வெயிலும் காற்றும் பட்டுச் சீக்கிரம் மஞ்சளாகி நொறுங்கும். நீங்கள் எழுதியது உங்கள் பேத்தி கைக்குப் போக வேண்டும் என்றால் அதில் எழுதாதீர்கள். அட்டை செய்ய மட்டும் அது அருமையான பொருள். எட்டுப் பத்துத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி ஒட்டி, கனமான எதையாவது ஏற்றிக் காயவைத்தால் நல்ல உறுதியான அட்டை கிடைக்கும்.

பழைய தாளை ஊறவைத்து, மிக்சியில் அரைத்து, கொசுவலை கட்டிய சட்டத்தில் அள்ளிக் காயவைத்துக் காகிதம் செய்வது பிள்ளைகளோடு ஒரு விடுமுறை மத்தியானத்துக்கு நல்ல வேலை. வெங்காயத் தோலோ சாமந்தி இதழோ கலந்தால் பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் ஏற்கெனவே அரைபட்ட நாரை மறுபடி அரைக்கிறோம். நார் குட்டையாகி, தாள் பலமில்லாமல் போகும். புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதம் உறுதியாக இருப்பதற்குக் காரணம் அது பருத்தித் துணிக் கழிவிலிருந்து வருவது. பருத்தி நார் நீளமானது. நம் வீட்டுக் காகிதத்தில் மை பேனா வைத்தால் பரவிவிடும், மெல்லிய கஞ்சி தடவிக் காயவைத்தால் கொஞ்சம் கட்டுப்படும். ஒரு நோட்டுக்கு நான்கைந்து தாள் செய்து, மாதத்துக்கு மாதம் இடைத்தாளாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் அந்த உழைப்பு பலன் தராது.

எந்தத் தையல்?

தனித்தாள் என்றால் ஜப்பானியப் பாணியில் ஓரத்தில் துளையிட்டுக் குறுக்கே தைக்கலாம். வெளியே தெரியும் நூல் கோலம் போல அழகாக இருக்கும். நோட்டு முழுதாக விரியாது, எழுதும்போது ஒரு கை அதை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்க வைக்கும் நோட்டுக்கு அது சரி, தினமும் எழுதும் நோட்டுக்குச் சரியில்லை. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஸ்பைரல் போடுவது எளிது, தட்டையாக விரியும், ஏ4 ஒற்றைத் தாள்களுக்கு அதைவிட நல்ல வழியில்லை. பையில் போட்டு எடுத்துப் போனால் கம்பி நசுங்கும், அவ்வளவுதான். திறந்த முதுகுடன் சங்கிலி போல் தைக்கும் காப்டிக் தையல் எகிப்தின் பழங்காலக் கிறிஸ்தவர்கள் பயன்படுத்தியது. நன்றாக விரியும், ஆனால் முதல் நோட்டுக்கு அது வேண்டாம். நூலின் இழுவை சமமாக வர நிறையப் பழக்கம் வேண்டும்.

மடித்த தாள்களுக்கு நான் சொல்வது ஐந்து துளைத் தையல். மடிப்பின் உட்பக்கம் சரியாக நடுவில் ஒரு துளை, மேலே இரண்டு, கீழே இரண்டு. குத்தூசி இல்லையென்றால் காம்பஸ் முனை போதும். ஊசியை உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே எடுங்கள், ஒரு விரல் நீளம் நூலை உள்ளே விட்டு வையுங்கள். வெளிப்பக்கமாக மேலே போய், மேலிருந்து எண்ணினால் இரண்டாம் துளையில் உள்ளே, உச்சித் துளையில் வெளியே, மறுபடி இரண்டாம் துளையில் உள்ளே. இப்போது உட்பக்கமாகவே நடுத்துளையைத் தாண்டி நான்காம் துளைக்குப் போய் வெளியே வாருங்கள். கடைசித் துளையில் உள்ளே, நான்காம் துளையில் வெளியே, நடுத்துளையில் உள்ளே. உள்ளே நீளமாக ஓடும் நூல் ஒன்று இருக்கும். விட்டு வைத்த முனையும் இப்போது வந்த முனையும் அதன் இரு பக்கமும் இருக்கும்படி வைத்து முடிச்சுப் போடுங்கள். நூலை இழுக்கும்போது மடிப்பு ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும். தாளுக்குச் செங்குத்தாக இழுத்தால் துளை கிழிந்துவிடும்.

நூலாகப் பூ கட்டும் பருத்தி நூல் நன்றாக இருக்கிறது. சாதாரணத் தையல் நூலை இரட்டையாக்கி மெழுகுவர்த்தியில் உரசியும் எடுத்துக்கொள்ளலாம். நைலான் நூல் மட்டும் வேண்டாம். அது தாளை அறுக்கும், முடிச்சும் நழுவும்.

எட்டுக் கட்டுகள் இருந்தால் ஒவ்வொன்றையும் இதே ஐந்து துளையில், முதுகுத் துணியோடு சேர்த்துத் தனித்தனியாகத் தைத்து முடிச்சிடுங்கள். கட்டுக்குக் கட்டு அரை சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஒட்டி நிரப்பும் ஜர்னலுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட விடலாம். ஒன்றின் நூல் அறுந்தாலும் மற்றவை நிற்கும், அடுத்த வருஷம் ஒரு கட்டைச் சேர்க்கவும் முடியும்.

அட்டையும் பசையும்

தினசரி காலண்டரின் அட்டைதான் என் தேர்வு. கெட்டியானது, நன்றாகக் காய்ந்தது, சும்மா கிடைப்பது. தாள் கட்டு அடித்த பின்களைப் பிடுங்கிவிட்டு, நோட்டைவிட எல்லாப் பக்கமும் மூன்று மில்லிமீட்டர் பெரிதாக இரண்டு துண்டு வெட்டுங்கள். இரண்டையும் இணைக்கும் முதுகுக்கு மஞ்சப்பைத் துணியோ தாம்பூலப் பைத் துணியோ இரண்டு மடிப்பாக. மணமக்கள் பெயர் அச்சிட்ட பக்கம் வெளியே தெரியும்படி வைத்தால் அந்தக் கல்யாணத்தின் பத்திரிகையை உள்ளே வைத்து, அந்தத் தம்பதிக்கே முதலாம் ஆண்டு பரிசாகக் கொடுக்கலாம். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியதிலிருந்து இந்தப் பைகள் வீட்டில் இன்னும் கூடியிருக்கின்றன. கைப்பிடி அறுந்ததை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல பை காய்கறிக்கே இருக்கட்டும்.

மழையிலும் பஸ்ஸிலும் தூக்கிக்கொண்டு அலையும் நோட்டு என்றால் அரிசிப் பைக்கு முன்னுரிமை கொடுங்கள். பிளாஸ்டிக் இழையில் நெய்த அந்தப் பை தண்ணீருக்கு அசையாது. வெட்டிய ஓரம் இழை இழையாகப் பிரியும். மடித்துத் தைத்துவிட்டால் நிற்கும். ஜூஸ் வரும் அட்டைப் பெட்டியும் நல்லது. காகிதம், பாலித்தீன், அலுமினியம் என்று அடுக்கடுக்காக ஒட்டியது அது. கழுவிக் காயவைத்து வெட்டினால் ஒரு சின்ன நோட்டுக்குச் சரியான மேலுறை. ஆவின் பால் கவரை உட்பை போல் வைக்க நினைப்பவர்கள் அதைத் தைக்க வேண்டும், பாலித்தீனில் ஃபெவிகால் பிடிக்காது.

பசையில், பைண்டிங் கடைக்காரர்களின் மைதா பசைக்கு ஈடில்லை. ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி போல் ஆகும்வரை கிளறினால் போதும். காகிதத்தோடு காகிதம் சேர்க்க இதுதான் நல்லது. தடவிய பிறகு நகர்த்திச் சரிசெய்ய நேரம் தரும். பூச்சி வராமலிருக்கக் கடைகளில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், வீட்டில், அதுவும் குழந்தை இருக்கும் வீட்டில், கலக்காதீர்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள். அட்டையில் துணி ஒட்ட ஃபெவிகாலே நல்லது, மெல்லிய துணியில் மைதா பசை ஊறி மேலே தெரியும். உறை ஒட்டச் சோற்றுப் பருக்கையே போதும் என்பது எல்லோருக்கும் தெரியும். குச்சி போல் வரும் பள்ளிக்கூடப் பசையை நம்பாதீர்கள், நம்மூர் வெயிலில் ஒன்றிரண்டு கோடை தாண்டாது.

எந்தப் பசையானாலும், அட்டையின் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அது காயும்போது இழுத்து வளைந்துவிடும். வெளியே துணி ஒட்டினால் உள்ளேயும் அதே பசையில் ஒரு தாள் ஒட்டுங்கள், இரு பக்க இழுப்பும் சமமாகும். இரண்டு நாள் கனமான புத்தகங்களின் கீழ் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள், ஈரத்தோடு மூடினால் பூஞ்சை வரும்.

மாவுப்பசை இருக்கும் இடத்துக்கு இராமபாணப் பூச்சி தேடி வரும். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு இடையில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை ஆகியவற்றின் பொடியைக் கற்பூரம் கலந்து சிறு மூட்டையாகக் கட்டி வைக்கும் வழக்கம் இருந்தது. நம் நோட்டு இருக்கும் அலமாரியில் ஒரு துண்டு வசம்பைத் துணியில் கட்டிப் போட்டு, மாதத்துக்கு ஒருமுறை நோட்டை எடுத்து விரித்து உதறினாலே போதும். தினமும் எழுதுகிற நோட்டில் பூச்சி தங்காது.

இப்போது உங்கள் முன்னால் இருக்கும் குவியலைப் பார்த்து முடிவெடுங்கள். கோடை விடுமுறை என்றால் பள்ளி நோட்டு, காலண்டர் அட்டை, மஞ்சப்பை முதுகு, ஐந்து துளைத் தையல். வெயிலில் பசையும் சீக்கிரம் காயும். டிசம்பர் என்றால் வேறெதுவும் தொடங்காமல், புதுக் காலண்டர் வாங்கும்போதே ஒரு கம்பியை அதன் பக்கத்தில் அடித்துவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை ஜர்னலுக்குப் பருவம் கிடையாது, ஆனால் சேர்ப்பதற்குக் காலம் வேண்டும்; இன்று வரும் பத்திரிகையிலிருந்தே உறையைக் கிழிக்காமல் கத்தியால் திறந்து வையுங்கள். பிறருக்குக் கொடுக்கும் நோட்டில் வங்கி அறிக்கை, மருந்துச் சீட்டு, ஆதார் நகல் எதுவும் மறுபக்கத் தாளாகக் கலந்துவிடாமல் ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.